அழைப்பு வந்திருக்கிறது!

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

நம் வீடுகளில் ஒரு திருமணம் நிச்சயமானால், அழைப்பிதழ் அச்சாகி வந்த நாளிலேயே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. முதல் அழைப்பிதழை ஆலயத்தில் பீடத்தின் முன் வைத்து மன்றாடுகிறோம். அதன்பின் அப்பாவும் அம்மாவும் நல்ல உடை உடுத்து, பை நிறைய அழைப்பிதழ்களுடன் வீடு வீடாக ஏறி இறங்குகின்றனர். “குடும்பத்தோடு முந்தின நாளே வந்துவிட வேண்டும்” என்று ஒவ்வொரு வீட்டிலும் அமர்ந்து, தண்ணீராவது வாங்கிக் குடித்து, அழைத்துவிட்டு வருகின்றனர். தபாலில் அனுப்பினால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். கைபேசியில் படமாக அனுப்பினால், “படம் வந்தது, ஆள் வரவில்லையே!” என்று அத்தை வருந்துவார். நேரில் வந்து அழைப்பதே அழைப்பு என்பது நம் மக்களின் உறுதியான எண்ணம்.

எல்லாம் வல்ல இறைவனும் இவ்வாறே எண்ணினார் என்பது எவ்வளவு பெரிய வியப்பு! பன்னெடுங்காலம் இறைவாக்கினர் வழியாக மக்களை அழைத்துக்கொண்டிருந்தவர், காலம் நிறைவுற்றபோது தம் திருமகனையே அனுப்பினார். ஒலிவாங்கியின் முன் நின்று உலகத்தைக் கூவி அழைக்கவில்லை அவர். பெத்லெகேமில் ஒரு தொழுவத்தில் பிறந்து, நாசரேத்தூரில் தச்சுப் பட்டறையில் வேலை செய்து, கலிலேயக் கடற்கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்களின் அருகிலேயே போய் நின்று அழைத்தார். சுங்கச் சாவடியில் இருந்த மத்தேயுவை அங்கேயே சென்று அழைத்தார். மரத்தின்மேல் ஏறி இருந்த சக்கேயுவை, அந்த மரத்தடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்து அழைத்தார். நேரில் வந்து அழைப்பவரே நம் ஆண்டவர்!

ஆனால், “இறை அழைத்தல்” என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது என்ன? பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறாகிய நல்லாயன் ஞாயிறன்று ஆலயத்தில் சொல்லப்படும் மன்றாட்டுத்தான். இறை அழைத்தலுக்காகச் செபிக்கும் இந்த நாளைத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1964-ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். அன்று அருட்சகோதரிகள் வகுப்புக்கு வந்து, “உங்களில் யாருக்கு மடத்தில் சேர விருப்பம்?” என்று கேட்பதும், இரண்டு கைகள் உயர்வதும், மற்றவர்கள் குனிந்து சிரிப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. கை உயர்த்தாத நாங்கள் எல்லோரும், ‘அழைப்பு அவர்களுக்குத்தான், நமக்கு இல்லை’ என்று நிம்மதியாக இருந்துவிடலாமா?

இருக்க முடியாது என்கிறது திருச்சபை. 1962 முதல் 1965 வரை உரோமையில் நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், 1964 நவம்பரில் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்று ஓர் அதிகாரம் முழுவதும் எடுத்துரைக்கிறது. குருக்கள், துறவியர், இல்லறத்தார், தொழிலாளர், நோயாளர் என்று ஒருவரும் விடப்படவில்லை. பத்தாம் வகுப்பு மாணவிகளும் அதற்குள் அடக்கம்தானே! அப்படியானால் நமக்குரிய அழைப்பு எங்கே வருகிறது, எந்தக் குரலில் வருகிறது, அதை எப்படி அறிவது? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

சிறுவன் சாமுவேலின் கதையை மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் சாமுவேல் படுத்திருக்கிறான். விளக்கு இன்னும் அணையவில்லை. அவனை யாரோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள். குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எண்ணி எழுந்து ஓடுகிறான். அவரோ, தாம் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறைதான் அழைப்பவர் ஆண்டவர் என்பது ஏலிக்குப் புரிகிறது. இனி அழைத்தால் என்ன மறுமொழி சொல்ல வேண்டும் என்று சிறுவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

இந்தக் கதையில் நாங்கள் அடிக்கடி கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. இறைவனின் குரல் சாமுவேலுக்கு இடிமுழக்கமாகக் கேட்கவில்லை. தினமும் கேட்டுப் பழகிய ஒரு முதியவரின் குரலைப் போலக் கேட்டது. ஏலிக்குப் பார்வை மங்கியிருந்தது. கண் தெரியாத பெரியவர் இரவில் எத்தனை முறை அந்தச் சிறுவனைக் கூப்பிட்டிருப்பார்! தண்ணீர் வேண்டும் என்றும், கை பிடித்து நடத்து என்றும் கூப்பிட்டிருக்கலாம். அதற்கெல்லாம் எழுந்து பழகியவன் என்பதால்தான் ஆண்டவர் அழைத்தபோதும் சாமுவேல் எழுந்தான். ‘கிழவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்’ என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தால் ஆண்டவரின் குரலும் போர்வைக்கு வெளியேதான் நின்றிருக்கும். இன்னும் ஒன்று. கடவுளோடு பேசிய அந்த இரவு முடிந்து விடிந்ததும் சாமுவேல் என்ன செய்தான் தெரியுமா? வழக்கம்போல எழுந்து ஆண்டவருடைய இல்லத்தின் கதவுகளைத் திறந்தான் என்கிறது மறைநூல். அவனுடைய அன்றாட வேலை அது!

இறைவன் மனிதரின் குரலில் அழைக்கிறார் என்பதற்கு எங்கள் குமரி மாவட்டத்து மண்ணே சான்று கூறும். 1712-ஆம் ஆண்டில் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் பணி செய்தவர். 1741-இல் குளச்சலில் நடந்த போரில் டச்சுக்காரர்கள் தோற்றனர். அவர்களுடைய படைத்தலைவர் தெலனாய் கைதியாகப் பிடிபட்டு, பின்பு மன்னருடைய படையிலேயே பணியில் அமர்ந்தார். தம் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டருக்கு, எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை இந்தத் தெலனாய் எடுத்துச் சொன்னார் என்று கூறப்படுகிறது. வேலைசெய்யும் இடத்தில் இருவர் மனம்விட்டுப் பேசிய பேச்சு! அதுவும் சொன்னவர் போரில் தோற்ற அயல்நாட்டார்! அந்தப் பேச்சுக்குள் ஓர் அழைப்பு இருந்ததை நீலகண்டர் கண்டுகொண்டார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் துறவியோ குருவோ அல்லர், இல்லறத்தார். சாதி வேறுபாடு பாராமல் எல்லோரோடும் பழகி, மக்கள் அனைவரும் சமம் என்று போதித்தார். சிறைப்பட்டுத் துன்பங்கள் பல பட்டு, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடி மலையில் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் என்ற பெருமை நம் தேவசகாயத்துக்குக் கிடைத்தது.

“தேவசகாயம் உயிரையே கொடுத்தார், நம்மிடம் யார் உயிரைக் கேட்கிறார்கள்?” என்று தோழியர் சிலர் கேட்கலாம். உண்மைதான். நம்மிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் அரை மணி நேரம்தான். ஆனால் அந்த அரை மணி நேரத்தைக் கொடுப்பதும் எளிதன்று. இதை நன்றாக அறிந்தவர் சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் புனித தெரேசம்மாள்.

பிரான்சு நாட்டில் 1873-இல் பிறந்த தெரேசம்மாள், கார்மேல் மடத்தில் சேர வேண்டும் என்று சிறுவயதிலேயே துடித்தவர். ‘வயது போதாது’ என்று பெரியவர்கள் தடுத்தபோது, 1887-இல் உரோமைக்குச் சென்றவர், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் காலடியில் மண்டியிட்டு நேரிலேயே அனுமதி கேட்டுவிட்டார். 1888 ஏப்ரலில் லிசியே நகரத்து மடத்தில் நுழைந்தபோது அவருக்கு எங்கள் வயது, பதினைந்து! இவ்வளவு பெரிய ஆவலோடு போனவருக்கு அங்கே என்ன கிடைத்தது? நோயுற்ற ஒரு முதிய சகோதரி கிடைத்தார். அவரை எளிதில் திருப்திப்படுத்த முடியாது. மெதுவாக நடத்தினாலும் குறை, வேகமாக நடத்தினாலும் குறை. மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆலயத்தில் எல்லோரும் தியானத்தில் இருக்கையில், அவர் தம் மணற்கடிகாரத்தை அசைப்பாராம். புறப்படலாம் என்பதற்கு அதுவே அடையாளம். தெரேசம்மாள் தியானத்தை விட்டு எழுந்து, அவரைப் பின்னால் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உணவறைக்கு அழைத்துச் செல்வார். அத்துடன் வேலை முடிந்துவிடும். ஆனால் மூதாட்டி ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைக் கண்டு, அதையும் வெட்டிக்கொடுத்து, ஒரு புன்னகையும் தந்த பிறகே அவர் திரும்புவார். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

தியானத்தில் கடவுளோடு இருந்தவரைக் கடவுளே மணற்கடிகாரத்தை அசைத்துக் கூப்பிட்டார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மடத்தை விட்டு வெளியே போகாமல், இருபத்து நான்கு வயதில் 1897-இல் இறந்த இவரையே திருச்சபை 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக ஏற்படுத்தியது. நம் அன்னை மரியாவும் அப்படித்தான் அல்லவா? வானதூதர் சொன்ன செய்தியை ஏற்றுக்கொண்டபின், ‘நான் மெசியாவின் தாய்’ என்று அவர் வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. மலைநாட்டுக்கு விரைந்து சென்று, வயதான காலத்தில் கருவுற்றிருந்த எலிசபெத்தம்மாளோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். அந்த மூன்று மாதத்தில் அவர் இறைத்த தண்ணீருக்கும் பிசைந்த மாவுக்கும் கணக்கில்லை!

அழைப்பைப் பற்றிப் பேசும்போது சாக்குப்போக்கைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. லூக்கா நற்செய்தி பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு விருந்தின் உவமையைக் கூறுகிறார். விருந்து தயார் என்று ஊழியன் போய்ச் சொல்கிறான். ஒருவர் வயல் வாங்கியிருக்கிறார், போய்ப் பார்க்க வேண்டும். இன்னொருவர் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறார், ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாமவருக்குத் திருமணம் ஆகியிருக்கிறது. இவர்களில் ஒருவராவது களவு செய்யப் போனாரா? குடிக்கப் போனாரா? வயலும் மாடும் திருமணமும் நல்லவைதானே! தீமையால் அழைப்பை மறுப்பவர் சிலர். நல்ல காரணங்களைக் காட்டி மறுப்பவரோ பலர். ஆகவேதான் இந்த உவமை நம்மைப் போன்ற நல்ல பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துகிறது.

பத்தாம் வகுப்பில் எங்களுடைய வயலும் மாடும் ஒன்றுதான், அரசுப் பொதுத்தேர்வு! இந்த ஆண்டு எதைக் கேட்டாலும் அதுவே விடை. தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடு என்றால் தேர்வு. பாட்டிக்கு மருந்து வாங்கி வா என்றால் தேர்வு. தேர்வு நல்ல காரணம்தான், அதில் ஐயமில்லை. பெற்றோர் வியர்வை சிந்திச் சம்பாதித்துப் படிக்க வைக்கும்போது கருத்தாகப் படிப்பதும் ஓர் அழைப்பே. ஆனால் இரண்டு அழைப்புகள் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்வி இந்த ஆண்டு எங்கள் வகுப்பின் கதவைத் தட்டியது.

எங்கள் தோழி ஒருத்தி அக்டோபர் மாதத்தில் திடீரென்று வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டாம் வாரமும் போயிற்று. அவளுடைய தாய் முந்திரி ஆலையில், எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால் அண்டியாபீசில், வேலை செய்பவர். வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. தந்தை கேரளத்தில் கொத்தனார் வேலையில் இருந்தார். வீட்டில் இருந்த இரண்டு சிறு பிள்ளைகளையும் படுக்கையில் கிடந்த தாயையும் பார்க்க அவள் ஒருத்திதான். “இந்த வருசம் படிப்பை நிறுத்திவிடலாம்” என்று வீட்டில் பேச்சு நடப்பதாகச் செய்தி வந்தது.

எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி எங்களுக்குக் கட்டளை ஒன்றும் இடவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைத் தினமும் வாசித்தார். தினமும் அந்தப் பெயருக்குப்பின் சற்று நேரம் நிறுத்தினார். அவ்வளவுதான்.

“குறிப்புகளைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதாதா?” என்ற பேச்சு முதலில் எழுந்தது. அனுப்பினோம். ஆனால் தேல்ஸ் தேற்றத்தைப் படத்தில் பார்த்தால் புரிந்துவிடுமா? யாராவது நேரில் போக வேண்டும் என்பது தெரிந்தது. போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். “பத்தாம் வகுப்பு ஒருமுறைதான் வரும் மக்களே, உனக்குப் பரீட்சை இல்லையா?” என்று ஒரு தோழியின் தாய் கேட்டார். அந்தத் தாயின் கவலையும் நியாயமானதே. ஆகவே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒருத்தியே தினமும் போனால் அவள் படிப்பு கெடும். அந்தப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் பத்துப் பேர் இருந்தோம். இருவர் இருவராகப் போனால் ஐந்து நாளும் ஆயிற்று, ஒவ்வொருத்திக்கும் வாரத்தில் ஒரு மாலைதான். அந்தப் பத்துப் பேரில் இந்துத் தோழியரும் ஒரு முஸ்லிம் தோழியும் உண்டு. போக இயலாதவர்கள் குறிப்புகளைப் பிரதி எழுதித் தந்தனர். இந்தக் கணக்கைக் காட்டியபோது பெற்றோரும் இசைந்தனர்.

முதல் நாள் போனவர்கள் கண்டதை வகுப்பில் வந்து சொன்னார்கள். அடுப்பில் உலை கொதிக்கிறது. தரையில் உட்கார்ந்து தேற்றத்தைத் தொடங்குகிறார்கள். உள்ளே கட்டிலிலிருந்து தாய் கூப்பிடுகிறார். “இதோ வாறேன் அம்மா” என்று அவள் எழுந்து போகிறாள். திரும்பி வந்து பென்சிலை எடுக்கிறாள். மறுபடியும் அழைப்பு, மறுபடியும் எழுகிறாள். ஒரு தேற்றம் முடிவதற்குள் நான்கு முறை எழுந்தாள். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகள் தூங்கியபின் ஒன்பது மணிக்குமேல்தான் அவளுக்குப் படிப்பு.

நாங்கள் அவளுக்குக் குறிப்பேடு கொண்டுபோனோம். அவளோ சாமுவேலின் கதையை எங்களுக்கு நடித்தே காட்டிவிட்டாள். நாங்கள் அழைப்பைப் பற்றிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் அந்தச் சொல்லைக்கூடச் சொல்லாமல் தினமும் மறுமொழி கூறிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் அரையாண்டுத் தேர்வில் பத்துப் பேரில் ஒருத்திக்குக் கணக்கில் ஏழு மதிப்பெண் குறைந்தது. அந்த மாலைப் பயணம் காரணமா, வினாத்தாள் கடினமா, யாருக்குத் தெரியும்? ‘பரீட்சை இல்லையா?’ என்று முன்பு கேட்ட தாய் அவளுடைய தாய்தான். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மகள் புறப்படும்போது, அந்த வீட்டுக்கென்று ஒரு தூக்குவாளியில் மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டார். அழைப்பு அந்த அடுக்களைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது! ஜனவரியில் தாய் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் எங்கள் தோழி பள்ளிக்குத் திரும்பினாள். அவள் எத்தனை மதிப்பெண் எடுப்பாள், நாங்கள் எத்தனை எடுப்போம் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். ஆனால் தேர்வறையில் அவளுடைய பதிவு எண்ணுக்குரிய இருக்கை காலியாக இராது. அது எங்களுக்குப் போதும்.

அன்புத் தோழியரே! இறைவனின் அழைப்பைக் கேட்க வேண்டுமானால் முதலில் சற்று அமைதி வேண்டும். காலையில் எழுந்ததும் இரண்டு நிமிடமாவது பேசாமல் இருந்து, “ஆண்டவரே, இன்று யார் வழியாகக் கூப்பிடப் போகிறீர்?” என்று கேட்டுப் பார்ப்போம். ஞாயிறு திருப்பலி நமக்கென்று வைக்கப்பட்ட விருந்து. மணி அடித்தபின் ஓடி வந்து கடைசி வரிசையில் நிற்காமல், உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போவதுபோல ஆவலோடு முன்னரே போவோம். விருந்தில் உண்டவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. நற்கருணையில் நாம் பெற்ற அன்பையும் யாருக்காவது கொண்டுபோக வேண்டும் அல்லவா?

பிறகு வீட்டில் கேட்கும் குரல்களுக்குச் செவி கொடுப்போம். தண்ணீர் கேட்கும் பாட்டியின் குரலும், கணக்குப் புரியாமல் அழும் தம்பியின் குரலும், நாள் முழுவதும் நின்று களைத்துப்போன அம்மா ஒன்றும் கேட்காமல் விடும் பெருமூச்சும் நமக்கு வரும் அழைப்பிதழ்கள். வகுப்பில் உணவு இடைவேளையில் தனியாக உட்காரும் தோழியின் மௌனமும் ஓர் அழைப்பிதழே. நம்மில் சிலரை ஆண்டவர் ஒருநாள் மடத்துக்கும் அழைக்கலாம், சிலரை இல்லறத்துக்கும், மருத்துவமனைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் அழைக்கலாம். அந்தப் பெரிய அழைப்பு வரும்போது எழுந்து நிற்க இந்தச் சிறிய அழைப்புகளில் இப்போதே பழகிக்கொள்வோம்.

நேரில் வந்து நம்மை அழைப்பவர் இன்றும் வாசலில் நிற்கிறார். அவர் எந்த உடையில் வந்திருக்கிறார், எந்தக் குரலில் பேசுகிறார் என்று பார்க்கத் திறந்த கண்களும் கேட்கத் திறந்த செவிகளும் அவரே நமக்குத் தருவாராக! வயலையும் மாட்டையும் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, “இதோ வருகிறோம்” என்று எழுந்து செல்வோமாக!